கர்ணன் கதையில் உடன்பிறந்தார்: மகவேற்பு நோக்கில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பெற்ற குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு வீட்டில் வளரும் குழந்தை தாய் தந்தையரை மட்டும் இழப்பதில்லை. அண்ணன், அக்கை, தம்பி, தங்கையரையும் இழக்கிறது. பெற்றோரின் காலத்திற்குப் பின்னும் நீடிக்கக்கூடிய உறவு உடன்பிறந்தார் உறவு. ஆயினும் மகவேற்பைப் பற்றிய பேச்சில் ‘பெற்றவள் யார், வளர்த்தவள் யார்’ என்னும் வினாவே முன் நிற்கிறது. தமிழர் நன்கறிந்த மகவேற்புக் கதையாகிய கர்ணன் கதையும் அவ்வாறே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அக்கதையை உடன்பிறந்தாரின் பக்கத்திலிருந்து நோக்கின் புலப்படுவன எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வியாச பாரதமும் வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதமும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

தாயின் கதையாக வாசிக்கப்பட்ட கதை

கர்ணனைப் பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமைகிறது: கொடை, செஞ்சோற்றுக் கடன், தாயின் கண்ணீர். 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ திரைப்படம் இம்மூன்றையும் மக்கள் மனத்தில் ஆழப் பதித்தது.

வில்லியின் காவியமே இந்த வாசிப்புக்கு இடந்தருகிறது. தன்னை ஈன்ற தாய் என்று கூறிவந்த பெண்களைச் சோதிக்கத் தேவர் அளித்த ஆடை ஒன்று கர்ணனிடம் உண்டு. பொய்யுரைத்தோர் அதனை உடுத்தால் எரிந்துபோவர். குந்தி உடுத்தபோது அவளுக்குத் தீங்கு நேரவில்லை. தாய்மையை மெய்ப்பிக்க இவ்வாறு ஒரு கருவியைப் படைத்த காவியம், அண்ணன் தம்பியர் ஒருவரை ஒருவர் அறிவதற்கு எக்கருவியையும் படைக்கவில்லை. அவர்கள் அறியும் களம் போர்க்களமாகவே உள்ளது. வீழ்ந்து கிடக்கும் கர்ணனை மடியில் ஏந்திக் குந்தி அரற்றும்போதுதான் தாங்கள் எதிர்த்துப் போரிட்டது தமையனை என்பதைப் பாண்டவர் உணர்கின்றனர்.

ஐந்து என்னும் கணக்கு

வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் குந்தி கங்கைக் கரையில் கர்ணனைக் காண்கிறாள். அருச்சுனன் நீங்கலாக நால்வரைக் கொல்வதில்லை என்று கர்ணன் வாக்களிக்கிறான். போரில் தான் மாண்டாலும் அருச்சுனன் மாண்டாலும் குந்திக்கு ஐந்து புதல்வர் எஞ்சுவர் என்றும் கூறுகிறான். பெருந்தன்மைக்குச் சான்றாக இவ்வாக்குறுதி போற்றப்படுகிறது. ஆனால் இது தாய்க்காகப் போடப்பட்ட கணக்கு. யார் மாண்டாலும் தாய்க்குரிய எண் மாறுவதில்லை. உடன்பிறந்தாருக்கு அக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் அறுவர், யார் மாண்டாலும் ஒருவர் குறைவர். அதிலும், அந்த ஒருவரைக் கொல்பவர் மற்றொரு உடன்பிறந்தாராகவே இருப்பார்.

இக்கணக்கில் மற்றொரு செய்தியும் உண்டு. நகுலனும் சகாதேவனும் குந்தியின் வயிற்றில் பிறந்தவர் அல்லர், மாத்திரியின் மக்கள். ‘சகோதரர்’ என்னும் வடசொல் ஒரே வயிற்றில் பிறந்தோரையே குறிக்கும். ‘உடன்பிறப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லும் பிறப்பையே சுட்டி நிற்கிறது. சொற்பொருளின்படி கர்ணன் தருமன், வீமன், அருச்சுனன் ஆகிய மூவருக்கே சகோதரன். ஆனால் ‘ஐவர்’ என்னும் தொகையை எவரும் ஐயுற்றதில்லை. நகுல சகாதேவரை வேறாகக் கருதியதுமில்லை. உடன் வளர்ந்தமையும் ஒரே தாயின் பேணுகையும் அவர்களை ஐவராக்கின. ஆகவே, ஒன்றாக வாழ்தல் உடன்பிறப்பை உண்டாக்கும் என்பதைக் காவியம் நன்கறியும். வயிற்றால் ஒன்றிய கர்ணன் வெளியே நிற்பதும், வயிற்றால் வேறான இருவர் உள்ளே நிற்பதும் இதனைத் தெளிவாக்குகின்றன.

அறிந்தோரும் அறியாதோரும்

கர்ணனின் பிறப்பை அறிந்தோர் யாவர் என எண்ணிப் பார்ப்பது பயன் தரும். கதிரவன் அறிவான், குந்தி அறிவாள், கண்ணன் அறிவான், வீடுமரும் அறிவார். போருக்கு முன் கர்ணனும் அறிந்துகொள்கிறான். ஐவரோ அறியார். அம்மறைபொருளால் நேரடியாகப் பாதிக்கப்படுவோரும் அவர்களே. தம் உறவைப் பற்றிய செய்தி பெரியோரின் உடைமையாக இருப்பதும், அதனைச் சொல்வதும் மறைப்பதும் அவரவர் தேவையைப் பொறுத்து அமைவதும் மகவேற்பு வரலாறுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிலை.

கர்ணனும் கண்ணனிடம் இதனைத் தருமனுக்கு உரைக்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறான். தருமன் அறிந்தால் அரசை மூத்தவனுக்குத் தந்துவிடுவான். தானோ அதனைத் துரியோதனனுக்குத் தருவான் என்பது அவன் கூறும் காரணம். தன் பிறப்பைப் பற்றி முடிவு செய்யும் உரிமை கர்ணனுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்செய்தி அவனுடையது மட்டுமன்று. மற்ற ஐவருக்கும் உரியது. ஒருவரின் விருப்பமும் மற்றவரின் உரிமையும் முரணும்போது அதனைத் தீர்க்கக் காலம் வேண்டும். போருக்கு முந்தைய நாள்களில் அக்காலம் இல்லை. செய்தி மறைக்கப்பட்டதைப் போலவே, அது வெளிப்பட்ட காலமும் இங்குக் குற்றமாகிறது.

இவ்விழப்பின் ஆழத்தைச் சாந்தி பருவத்தில் தருமன் கூறும் ஒரு நினைவு காட்டுகிறது. சூதாட்ட அவையில் கர்ணன் கடுஞ்சொல் கூறியபோதும், அவன் பாதங்களைக் கண்டதும் தன் சினம் தணிந்ததாகவும், அவை தாயின் பாதங்களை ஒத்திருந்ததாகவும் தருமன் சொல்கிறான். அந்த ஒப்புமைக்கு அன்று அவனுக்குக் காரணம் தெரியவில்லை. கண் கண்டதை விளக்கும் ஒரு சொல்லை எவரும் அவனுக்குத் தரவில்லை. பிரித்து வளர்க்கப்பட்ட உடன்பிறந்தாரின் நிலையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. துயரத்தின் முடிவில் தருமன் பெண்கள் இனி மறைபொருள் காக்க இயலாதவர் ஆகுக என்று சாபமிடுகிறான். மறைத்தவர் கண்ணனும் வீடுமரும் கர்ணனும் ஆவர் எனினும், பழி பெண்ணின்மேல் மட்டுமே விழுகிறது. திருமணத்திற்கு முன் தாயான இளம்பெண்ணை மறைக்கத் தூண்டிய சமூகம் அச்சாபத்திலிருந்து தப்பிவிடுகிறது.

வளர்ப்புத் தம்பியர்

கர்ணனுக்கு மற்றொரு உடன்பிறப்பு வட்டமும் உண்டு. கர்ணனை எடுத்து வளர்த்த பின் அதிரதனுக்குப் புதல்வர் பிறந்தனர் என்று வியாசர் கூறுகிறார். அவர்களுள் சிலர் அருச்சுனன் கையால் மடிகின்றனர். பெற்ற வழித் தம்பி, வளர்ந்த வழித் தம்பியரைக் கொல்கிறான். கொன்றவனும் அறியான், மாண்டவரும் அறியார். பாண்டவர் பக்கம் சேர்வதற்குக் கர்ணன் மறுத்தமையை நன்றிக்கடன் ஒன்றால் மட்டும் விளக்குவது இதனால் போதாது. அதிரதன், இராதை ஆகியோரின் அன்பைக் கண்ணனிடம் அவனே எடுத்துரைக்கிறான். அவ்வீட்டில் உடன் வளர்ந்தோர் அவனுக்கு மெய்யான தம்பியர். ஆயினும், கர்ணனைப் பற்றிய பொதுவான பேச்சில் அவர்கள் இடம்பெறுவதே அரிது.

சட்டம் தரும் ஒப்பீடு

புலம்பெயர் தமிழர் பலர் வாழும் பிரித்தானியாவின் சட்டங்கள் இவ்வினாவை வேறொரு வடிவில் எதிர்கொண்டுள்ளன. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பராமரிப்பில் உள்ள உடன்பிறந்தாரை இயன்றவரை ஒரே இடத்தில் வாழவைக்க வேண்டும் என்கிறது. எனினும், பராமரிப்பு ஆணைக்குட்பட்ட குழந்தையைச் சந்திக்க அனுமதி பெறுவோராக அச்சட்டம் இயற்றப்பட்ட வடிவில் முதற்கண் வைத்த பட்டியலில் பெற்றோரும் காப்பாளரும் இருந்தனர், உடன்பிறந்தார் இல்லை. தாயை நோக்கியே கண்கள் திரும்பியிருந்தன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஸ்காட்லாந்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த மாற்றங்கள் ஒரு படி மேலே சென்றன. உடன்பிறந்தாரை ஒன்றாக வாழவைப்பதும், அது இயலாதபோது அவர்தம் தொடர்பைப் பேணுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாயின. குழந்தை எவருடன் வாழ்ந்து உடன்பிறப்பு ஒத்த உறவைத் தொடர்ந்து கொண்டுள்ளதோ, அவரும் அங்கு உடன்பிறந்தாராகவே கருதப்படுகிறார். நகுல சகாதேவரையும் அதிரதன் புதல்வரையும் ஒருசேர ஏற்கும் வரையறை இது. குகனைத் தம்பியாக ஏற்ற இராமனைப் பாடிய கம்பனின் வாசகருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இச்சட்டங்கள் எல்லாத் தொடர்பும் நன்மையே தரும் என்று கொள்வதில்லை. ஒரு குழந்தையால் மற்றொன்றுக்குத் தீங்கு நேரும் சூழல்களும் உண்டு. அங்கே பிரிவே பாதுகாப்பு. அத்தகைய பிரிவும் காரணம் கூறப்பட்டு, ஆராயப்பட்டு எடுக்கப்படும் முடிவாக இருத்தல் வேண்டும். மௌனத்தால் நேர்வதாக இருத்தலாகாது.

இன்றைய கதைகளில்

மௌனத்தை உடைப்பதில் பிற்காலப் படைப்புகள் முன்னேறியுள்ளன. 2002இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில், ஈழப்போரின் விளைவாகத் தாயைப் பிரிந்த சிறுமி அமுதாவிடம் அவளது ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மை கூறப்படுகிறது. குந்தி காலம் கடத்திச் சொன்னதை வளர்த்தோர் உரிய பருவத்தில் சொல்கின்றனர். ஆனால் அங்கும் தேடல் தாயை நோக்கியதே. அமுதாவுடன் வளர்ந்த இரு தம்பியரும் சென்னையில் தங்கிவிட, பெற்றோரும் அவளும் மட்டுமே இலங்கைக்குச் செல்கின்றனர். தம் அக்கையின் பிறப்பு பற்றிய செய்தி அத்தம்பியருக்கு என்ன பொருளைத் தருகிறது என்பது விரித்துரைக்கப்படவில்லை. தமிழ்க் கற்பனையில் அவ்விடம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது.

முடிவுரை

கர்ணன் கதையைத் தாயின் துயரமாக மட்டும் வாசிக்கையில், குந்தியை மன்னிப்பதா பழிப்பதா என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. உடன்பிறந்தாரின் பக்கத்திலிருந்து வாசிக்கையில் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. உறவைப் பற்றிய அறிவு அவ்வுறவில் உள்ள அனைவர்க்கும் உரியது. அது வாழ்வதற்கு நாள் இருக்கும்போதே தரப்பட வேண்டும். பிறப்பால் அமைந்த உறவும் வளர்ப்பால் அமைந்த உறவும் ஒன்றையொன்று அழிக்கத் தேவையில்லை. தாயின் பாதங்களை எதிரியிடம் கண்டு காரணம் அறியாது நின்ற தருமனுக்கு, அவன் உன் அண்ணன் என்று ஒருவர் அன்றே சொல்லியிருக்கலாம். வேற்று வீடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்வோர், அந்த இடத்தில் சற்று நின்று செல்லுதல் நன்று.