சென்ற திங்கள் படித்தவை

சென்ற திங்கள் இரு நூல்களை அடுத்தடுத்துப் படித்தோம். ஒன்று, உமறுப்புலவரின் சீறாப்புராணம். மற்றொன்று, 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’.

சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு மண் தமிழ் வயலாய்ச் செழிக்கிறது. நாவலிலோ, முன்னோர் பெருமை பேசியபடியே வீட்டுப் பொருள்களை விற்றுண்கிறார் முஸ்தபாக்கண்ணு.

நாவலின் கடலோரப் பேச்சு எடப்பாடியில் வாழும் நமக்கு முதலில் தடுமாற்றமே. பொறுத்துப் படிக்கப் பழகிவிடும். ‘சமுதாயக் குறையை அம்பலப்படுத்தலாமா?’ என்று வினவுவோர் உளர். முஃமினுக்கு முஃமினையே கண்ணாடியாக உவமிக்கிறது நபிமொழி. கண்ணாடியைக் கடிந்து பயனென்ன?

சீறாவை அலமாரியில் பூட்டிவைத்து, 5,027 பாடல்கள் என்று பெருமை மட்டும் பேசுவோமாயின், நாமும் அந்தச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களே. இல்லந்தோறும் இரண்டையும் படியுங்கள்.