காலிக் கோட்டையும் ஒரு கல்லும்

துறைமுக நகரின் வரலாறு என்றதும் கோட்டைச் சுவரை அளக்கத் தொடங்குவது நம்மவரிடையே ஊறிப்போன பழக்கம். போர்த்துக்கேயர், 1640இல் காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796இல் வந்த ஆங்கிலேயர் என ஆண்டோர் வரிசையே ஊரின் கதையாகிவிடுகிறது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றதும் பழைய நகரையும் அக்கோட்டையையுமே. சுவரைக் காத்தது நன்று. ஆனால், அச்சுவர் எழுமுன் அங்கே துறைமுகம் இருக்கவில்லையா?

1911இல் காலியில் மதகொன்றை மூடிக் கவிழ்ந்து கிடந்த கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டுச் சாசனம் அது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. காணிக்கையோ ஏறத்தாழ ஒன்றே. சீனத்துப் பேரரசனே தமிழில் எழுதுவித்தான் என்றால், துறையிலே வழங்கிய மொழி எதுவென விளக்கவும் வேண்டுமோ?

இதனைச் சமய ஒற்றுமையின் சின்னமென்று மட்டும் கொண்டாடுவதும் எனக்கு உடன்பாடன்று. அதே தளபதியின் கப்பற்படைதான் 1411இல் இலங்கை ஆட்சியாளன் ஒருவனைச் சிறைபிடித்துச் சென்றது. காணிக்கைத் தட்டின் பின்னே வாளும் வந்தது.

இன்று கோட்டை காலியில் இருக்கிறது. கல்லோ கொழும்பு அருங்காட்சியகத்தில். மரபுரிமை பேசுவோர் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படிக்கும்போது அக்கல்லையும் கேள்விக்குள்ளாக்க வேண்டும். சமயத்துக்கொரு மொழியென அரண்மனை எழுத்தர் பங்கிட்டுவிட்டனர். காலிக் கோட்டைக்குள்ளே 1904இல் எழுந்த மீரான் பள்ளிவாசலில் தொழுவோர்க்கும், தமிழிலே பேசி, தமிழிலே அழுது, தமிழிலே தாலாட்டும் எங்கள் பொத்துவிற் சோனகர்க்கும் அக்கல்லில் எந்தப் பகுதி?