பசுமலையில் ஏன் படுக்கை இல்லை?

மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய மாய யானை ஆனைமலையாகவும், நாகம் நாகமலையாகவும், பசு பசுமலையாகவும் கிடப்பதாகத் திருவிளையாடல் கதை. புராணம்தானே என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனைமலையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டோடு சமணர் படுக்கைகள், அதாவது துறவிகள் தங்கக் குகையில் வெட்டிய கற்படுக்கைகள், உண்டு. நாகமலையை ஒட்டி முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், கீழக்குயில்குடி என்று வரிசையாகச் சமணத் தடங்கள். பசுமலைதான் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டுத் தமிழிக் கல்வெட்டுத் தொகுப்பில் அந்த மலை இல்லை. அதைத் தாண்டிப் போனால் திருப்பரங்குன்றத்தில் படுக்கையும் கல்வெட்டும் இருக்கின்றன.

துறவிகள் ஒரு குன்றைத் தேர்ந்ததற்கு நகருக்குப் பக்கம் என்பதே காரணமாக இருந்திருந்தால் பசுமலையை விட்டிருக்க மாட்டார்கள். தனிமையே காரணம் என்பதும் பாதி உண்மைதான். துறவிக்குப் பிச்சையிட அடிவாரத்தில் ஊர் வேண்டும்.

இன்று செல்வாக்குள்ள விளக்கம், குகைகள் வணிகப் பெருவழிகளின் ஓரம் அமைந்தன என்பது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் எல்லாரும் வருவதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு இது பொருந்தவில்லை. கல்வெட்டு சொல்வது யார் கொடுத்தார் என்பதை. இடத்தை யார், எதற்காகத் தேர்ந்தார் என்பதை அல்ல. மதுரைக்காரர் அழகர்மலைக்குக் கொடை தந்தார் என்றால், அவர் அங்கே போனார் அல்லது ஆள் அனுப்பினார், அவ்வளவே. அவர் சரக்கும் அந்த வழியே போனது என்று எப்படிச் சொல்வது? மாங்குளம் வேறு. அங்கே வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவே கொடையாளி. அதை அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியோடு இணைப்பவர்கள் உண்டு. ஆனால் மாங்குளத்திலும் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கொடை இருக்கிறது. வணிகர் மட்டுமே காரணமல்ல.

கல்லையே கேட்டால் வேறு பதில் கிடைக்கிறது. குகை முகப்பின் மேல் புருவம்போல் ஒரு காடி வெட்டி, பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் தடுத்திருக்கிறார்கள். ஆண்டு முழுதும் நடப்பவர்கள் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சமண விதி. ஆகவே முதல் தேவை, துருத்தி நிற்கும் பாறையும் நனையாத தரையும். அடுத்தது குடிநீரும் சோறிடும் ஊரும். செல்வர்கள் அதற்குப் பிறகு வந்து படுக்கை வெட்டித் தந்து பெயரையும் பொறித்தார்கள். வணிகப் பாதைக் கொள்கை மாங்குளத்துக்கு ஓரளவு பொருந்தும். மதுரைக் குன்றுகள் அனைத்துக்கும் அதை நீட்டுவதற்குச் சான்று போதாது.