வினைமுதல் எங்கே போனது?

செங்கம் சாலையில் ஒரு டீக்கடை. ரமணாசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சரளமாக ஆங்கிலம் பேசிக்கொண்டு கடக்கிற சாலை. பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வு முடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறவேண்டிய நான்கு பையன்கள் வினாத்தாளை விரித்துவைத்து விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் நான்.

“வாய்ஸ் இன்னாடா போட்ட?”

“மை பர்ஸ் ஹாஸ் பீன் ஸ்டோலன் பை சம்ஒன்.”

“போச்சு. பை சம்ஒன் வரக்கூடாது. கீ-ல இருக்காது.”

“அப்ப திருடுனவன் எங்கடா போனான்?”

எல்லோரும் சிரித்தார்கள். சார், நீங்க சொல்லுங்க என்று என்னிடம் வந்தது வழக்கு. பல வருஷம் டியூஷன் எடுத்த பழக்கத்தில் “பை சம்ஒன் வேண்டாம்பா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பையன் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பஸ் வந்தது, போய்விட்டார்கள். அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

முதலில், அவன் எழுதியது இலக்கணப் பிழை அல்ல. ‘பை சம்ஒன்’ மிகை, அவ்வளவுதான். அந்த மிகையும் எங்கிருந்தோ வந்தது. நம் பேச்சில் ‘பர்ஸ் திருடப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பர்ஸ அடிச்சுட்டானுங்க’ என்போம். ஆள் தெரியாவிட்டாலும் வினைமுற்றில் ஆள் உட்கார்ந்திருப்பான். ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை பெரும்பாலும் எழுத்தின் சொத்து. அதிலும் அலுவலகத்தின், செய்தித்தாளின் சொத்து. ஆக, பையன் தன் மொழியின் தர்க்கத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோயிருக்கிறான். நியூயார்க் கறுப்பினக் குழந்தைகளின் ஆங்கிலம் ‘குறையுடையது’ அல்ல, அதற்கென ஒரு தர்க்கம் உண்டு என்று வில்லியம் லபோவ் 1969இல் எழுதியது இங்கேயும் பொருந்தும். விடைக்குறிப்புக்கு இந்தத் தர்க்கம் கண்ணில் படாது. அதன் பார்வையில் ‘சரி’, ‘தப்பு’ இரண்டே.

இரண்டாவது, வினைமுதலை வெட்டுவது வெறும் சுருக்கமா? 1979இல் வெளிவந்த ‘லாங்குவேஜ் அண்ட் கன்ட்ரோல்’ தொகுப்பில் டோனி ட்ரூ ஓர் ஆய்வு செய்தார். 1975 ஜூனில் ரொடீஷியாவின் சாலிஸ்பரியில் போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்றதை லண்டன் பத்திரிகைகள் எழுதிய விதம் பற்றியது அது. செயப்பாட்டு வினைக்கு மாறும்போது சுட்டவர்கள் வாக்கியத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, பிறகு காணாமலே போவதை அவர் காட்டினார். சாலிஸ்பரி தூரம் என்பவர்கள் நம் மாவட்டத்துக்கே வரலாம். மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் ‘கையகப்படுத்தப்படுவதை’ எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் ‘போடப்பட்டது’. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீது ‘விலக்கிக்கொள்ளப்பட்டது’. போட்டவர் யார், விலக்கியவர் யார், நிலத்தை எடுப்பவர் யார்? வாக்கியம் வாய் திறக்காது. ‘பை சம்ஒன்’ எழுதாதே என்று நாம் வகுப்பில் கொடுக்கிற பயிற்சியின் முழுமையான விடைத்தாள் இதுதானோ?

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். அப்படியானால் செயப்பாட்டு வினையே அதிகாரத்தின் மொழியா? இல்லை. ‘தாழ்ந்தவர்’ என்ற சொல்லையும் ‘தாழ்த்தப்பட்டவர்’ என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது இழிவை இயற்கையாக்குகிறது. பின்னது அதை ஒரு செயலாக்குகிறது. செயல் என்றால் செய்தவன் உண்டு. ‘படு’ வந்து சேர்ந்ததும் ‘யாரால்?’ என்ற கேள்விக்கு இடம் பிறக்கிறது. ஆகவே சிக்கல் இலக்கண வடிவத்தில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதற்கு மதிப்பெண் கொடுக்கிற பழக்கத்தில்தான் இருக்கிறது. தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளோடு கருத்தாப்பொருளையும் கொடுத்து வைத்திருக்கிறது. ‘ஆல்’ நம்மிடம் இருக்கிறது, பயன்படுத்துவதில்லை.

இதில் நாமும் தப்பவில்லை. நமது துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், தோழர்களே: ‘கண்டிக்கப்பட வேண்டும்’, ‘முறியடிக்கப்பட வேண்டும்’. யாரால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 90 மதிப்பெண் எழுத்துத்தேர்வு, மொழியைத் தனித்தனி ஆளாக உட்காரவைத்துச் சோதிக்கிறது, பேசினால் குற்றம். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை வாசிப்பு சாத்தியம் என்கிற விவாதம் தேர்வு முடிந்த பிறகு டீக்கடையில்தான் நடந்தது. ‘திருடுனவன் எங்கடா போனான்’ என்பதைவிடக் கூர்மையான மொழி ஆய்வுக் கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை. அந்த விவாதத்தை முடித்துவைத்தவன் நான். விடைக்குறிப்பு அங்கே இல்லை. நான் அதன் வேலையைச் செய்தேன்.

அந்தப் பையனுக்கு ஒரு மதிப்பெண் போயிருக்கலாம். யாரால் என்று கேட்டால், பாதி என்னால் என்று எழுதிக்கொள்கிறேன்.