உயரம் சொல்லத் தெரிந்த ஜிபிஎஸ்

கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் 2019இல் வந்த கருவி. அதன் விவரங்கள் எல்லோரும் அறிந்தவை. இரண்டு பென்டோர்ச் பற்றரி போட்டால் ஒரு பகலும் இரவும் ஓடும். மழையில் நனைந்தாலும் பயமில்லை. ஜிபிஎஸ் செய்மதிகளோடு ரஷ்யாவின் குளோனாஸையும் பிடிக்கும். திரை சின்னது, ஆனால் வெயிலில் நன்றாகத் தெரியும். மழைக்காலம் முழுக்க இதை வைத்துக்கொண்டு அப்புத்தளையைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளில் மோட்டார் சைக்கிளில் அலைந்திருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது அதன் திரையில் தெரியும் ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான்: உயரம்.

சமவெளியில் இருப்பவர்கள் அந்த எண்ணைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர் மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் அல்துமுல்லைப் பக்கமாகச் சரிந்து தாழ்நிலத்தில் போய் விழுகிறது, மறுபக்கம் தியத்தலாவை, பண்டாரவளை. தோட்டத்துக்குள் போனால் வரைபடத்தில் இரண்டு லயங்கள் ஒட்டினாற்போல இருக்கும். நேரில் ஒன்று மேலே, மற்றது கிடுகிடு பள்ளத்தில். இடையில் வண்டிப் பாதை பல தடவை வளைந்து வளைந்து ஏறும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்து 1990க்கு அழைத்தால், எந்த வளைவில் அம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பதைப் போனில் தெரியும் நீலப் புள்ளி மட்டும் சொல்லிவிடாது. மேற்பிரிவா, கீழ்ப்பிரிவா என்பதை உயரம் சொல்லும்.

அந்த வேலைக்குப் போனே போதுமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் பயன்படுத்திய ஒரு இலவச ஆப், அப்புத்தளை ரெயில் நிலையத்தில் நின்றால், உண்மையான உயரத்தைவிட நூறு மீற்றர் அளவு குறைத்துக் காட்டியது. கருவி கெட்டுப்போகவில்லை, செய்மதி சமிக்ஞையிலும் கோளாறில்லை. இது நம் கடலின் விசித்திரம்.

ஜிபிஎஸ் பூமியை வழவழப்பான, துருவங்களில் சற்றே அமுங்கிய ஒரு கோளமாகக் கணக்கில் எடுத்து, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்துதான் உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் கணக்குப் பரப்பைவிட 106 மீற்றர் கீழே. டச்சு விஞ்ஞானி வெனிங் மைனஸ் 1948இல் கண்டுபிடித்தது இது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் இதற்குப் பூமியின் ஆழத்திலிருந்து எழும் அடர்த்தி குறைந்த வெப்பப் பாறைகளைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளத்துக்குள்தான் நம் தீவு முழுவதும் இருக்கிறது. ஆகவே திருத்தம் செய்யாத எந்த ஆப்பும் இலங்கையில் எங்கே நின்றாலும் ஏறத்தாழ 100 மீற்றரை விழுங்கிவிடும். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இதே தவறு மேல்நோக்கி, அதுவும் பெரும்பாலும் 50 மீற்றருக்குள் வரும் என்பதால் அங்கே ஆப் எழுதுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆண்ட்ராய்டில் 14ஆம் பதிப்பிலிருந்துதான் கடல் மட்ட உயரத்தைத் தனியாகக் கேட்டுப் பெறும் வழி வந்தது. ஆப் எழுதியவர் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

மலையில் நூறு மீற்றர் என்பது ஒரு முழு டிவிஷன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு எந்த உயரத்தில் விழுந்திருக்கிறது, அதற்குக் கீழே எந்த லயங்கள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுக்கும்போது, நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்திலுள்ள உயரக்கோட்டோடு அது பொருந்த வேண்டும். நூறு மீற்றர் தவறினால் ஆபத்துக்கு மேலே இருப்பவரைக் கீழே என்றும், கீழே இருப்பவரை மேலே என்றும் எழுதிவிடுவோம்.

கைக்கருவிகளில் இந்தத் திருத்தம் உள்ளேயே இருக்கிறது. அதனால் விலை குறைந்த ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் வாங்கினாலும் கடல் மட்டக் கணக்கு சரிவரும். ஆனாலும் நான் 32எக்ஸைச் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள காற்றழுத்தமானி. செய்மதிகள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் எந்த ஜிபிஎஸ்ஸும் கிடைத்தள இடத்தைக் காட்டிலும் உயரத்தில் அதிகமாகத் தடுமாறும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை எழுந்து பாதி வானத்தை மறைத்தால் தடுமாற்றம் இன்னும் கூடும். வெறும் ஜிபிஎஸ் உயரம் நின்ற இடத்திலேயே ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். காற்றழுத்தமானி அப்படிச் செய்யாது. கீழ் லயத்துப் பீலியடியில் நின்று, கருவியைக் கையில் பிடித்தபடி கல் படிகளில் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு மீற்றராக எண் கூடும். நின்றால் நிற்கும். மேல் லயத்து வாசலுக்கு வந்ததும் இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம் கையில் இருக்கும். இந்த விலையில் இப்படி ஒரு துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கே ஒரு அக்கா, “தம்பி, அந்த மெசினுல நம்ம லயம் வருமா?” என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே பதிந்து காட்டினேன். அதுவரை எந்தப் போன் வரைபடத்திலும் அந்த லயம் இருந்ததில்லை. சுற்றுலா விடுதிகள் எல்லாம் இருக்கின்றன. அடிசம் பங்களா இருக்கிறது, லிப்டன் சீட் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் குடியிருக்கும் வரிசைகள் இல்லை, கொழுந்து மடுவம் இல்லை, மலை நம்பர்கள் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் என் கோபம் தீரவில்லை. லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் காட்டத் தெரிந்த வரைபடத்துக்கு, அங்கே கொழுந்து கொண்டு வருகிறவர்களின் வீட்டைக் காட்டவும் தெரிய வேண்டும்.

காற்றழுத்தமானிக்கும் ஒரு குணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம்தான். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் அலையைப் போல நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நாலு மணியளவில் இறக்கம், இரவில் மறுபடியும் அதே ஆட்டம். எங்கள் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கருவி கிட்டத்தட்ட 10 மீற்றர் ஏறிவிட்டதாக நினைக்கும். ஆகவே காலையில் மேசைமேல் வைத்த கருவி, யாரும் தொடாமலே, மாலைத் தேநீருக்குள் 25, 30 மீற்றர் உயர்ந்திருக்கும். மழை மேகம் சூழ்ந்தால் இன்னும் ஆடும்.

தீர்வு எளிது, ஆனால் பழக்கமாக வேண்டும். உயரம் தெரிந்த இடத்தில் நின்று, அந்த எண்ணைக் கருவிக்குச் சொல்ல வேண்டும். மலையகத்து ரெயில் நிலையப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்தான உயரம் எழுதியிருக்கிறது. வெளிக்கிடும்போது ஒரு தடவை, மதியத்துக்கு மேல் வேலை தொடர்ந்தால் இன்னொரு தடவை சரிசெய்கிறேன். தானாகச் சரிசெய்யும் வசதியும் இருக்கிறது. அது ஜிபிஎஸ் உயரத்தைப் பிடித்துக்கொள்வதால், பாறை மறைவில் கருவியை இயக்கினால் தவறான எண்ணிலிருந்தே தொடங்கும். நான் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கருவியை மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் பூட்டுவதையும் விட்டுவிட வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும்போது முகத்தில் மோதும் காற்றின் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவு வரும். அதுவே பத்து மீற்றர் குழப்பத்துக்குப் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அப்புத்தளையில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தாலும் இதே கதைதான். ஜக்கெட்டின் உள்பையில் வைத்தால் எண் அமைதியாகிவிடும்.

இந்தத் தொல்லையை எங்களுக்கு முன்பே சந்தித்தவர்கள் விமானம் கட்டுகிறவர்கள். ஆலப்புழைக்காரரான பொறியியலாளர் அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில் தன் கையாலேயே ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நாலு பேர் விமானத்தைக் கட்டி, 2022இல் செய்திகளில் வந்தார். அப்படி வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் கருவிப் பலகைக்கு ஜிபிஎஸ் தெரிவு செய்யும்போது, கார்மினின் ஏரா போன்ற கழற்றி மாட்டக்கூடிய கருவியா, பலகையோடு பதித்த பெரிய திரையா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். எதை வாங்கினாலும் பக்கத்தில் காற்றழுத்த உயரமானி இருந்தே தீரும். வானில் எல்லா விமானங்களும் காற்றழுத்தக் கணக்கிலேயே ஒன்றையொன்று விலகிப் பறக்கின்றன. அந்த அழுத்தத்தை எடுக்கும் சிறு துளையை, எதிர்க்காற்று நேராக மோதாத ஓர் இடத்தில், பெரும்பாலும் உடலின் பக்கவாட்டில், தேடித் தேடி வைப்பார்கள். இறங்கும் இடத்தின் அழுத்தத்தைக் கேட்டு ஊசியைத் திருப்பிக்கொள்வார்கள். ரெயில் நிலையப் பலகையடியில் நான் செய்வதும் அதே வேலை.

பனிமூட்டம் சமிக்ஞையை மறைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. ஜிபிஎஸ் அலைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. பிற்பகலில் தாழ்நிலத்திலிருந்து மேகம் ஏறி, முன்சில்லு தெரியாத அளவுக்கு மூடியபோதும் பதிந்த பாதை அசையவில்லை. நனைந்த யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில்தான் கொஞ்சம் பலவீனம்.

வெளிவந்தபோது அமெரிக்காவில் 22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் 100 டொலர் வித்தியாசம். நடைபாதை பதிய மட்டும் வேண்டுமென்றால் சிறியதே போதும். மலைச்சரிவில் வேலை செய்கிறவர், தோட்டத்து இளைஞர் குழுவுக்கு வாங்குகிறவர், ஆபத்து வந்தால் இடம் சொல்ல வேண்டியவர், அந்த நூறு டொலரைத் தயங்காமல் கொடுக்கலாம்.

வேறு நிறுவனக் கருவியோ ஆப்போ தெரிவு செய்கிறவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். கொழும்பில் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் காலி முகத்திடல் பக்கம் எடுத்துப் போய், திறந்த வானத்தில் சில நிமிடம் வைத்து, உயரத்தைப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி சில மீற்றர் கூடக் குறைய இருந்தால் வாங்கலாம். மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டினால், கடல் மட்டத் திருத்தம் அமைப்புகளில் எங்கே இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் அது மலைக்கு ஏற வேண்டாம்.