கடன் தரப்படுத்தலும் நாட்டு நலனும்

கடன் கொடுக்க முற்படுவோன், கேட்பவனது நல்வாழ்வை ஆராய்வதிலும் பார்க்க, அவன் மீளத் தருவானா என்பதையே முதற்கண் ஆராய்வான். நாடுகளுக்கும் இதுவே வழக்கு. மூடிஸ், பிட்ச், ஸ்டான்டட் அன்ட் புவர்ஸ் என்னும் மூன்று நிறுவனங்கள் நாடுகளுக்கு இடும் தர எழுத்துக்கள் இவ்வொரு வினாவுக்கே விடையாவன. அவற்றை நாட்டு நலத்தின் அளவுகோலாகக் கொள்வோரும், அந்நியரின் வஞ்சனை என்று தள்ளுவோரும் நம்மிடையே உளர். இரு சாரார் கொள்கையும் பொருந்தாதென்பதை இலங்கையின் வரலாறு கொண்டே நிறுவலாம்.

முதற் சாராரை நோக்குவோம். 2005 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முதன்முதலாகத் தரப்படுத்தப்பெற்றது. 2007 ஒக்டோபரில் 50 கோடி டொலர் பெறுமதியான இறைமை முறிகளை உலகச் சந்தையில் விற்றது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் வாகரைப் பகுதி மக்கள் போரினால் ஊர் துறந்து அகதிகளாயினர். அத்துயரம் முறி விற்பனைக்குத் தடையாகவில்லை. கடன் கொடுத்தோர் வினவியது திறைசேரியின் வலிமையையேயன்றி மக்களின் வாழ்வையன்று.

இனி மற்றையோர். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 செப்டெம்பரில் மூடிஸ் இலங்கையை இரு படிகள் இறக்கியபோது அரசு அதனை ஏற்க மறுத்தது. 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராயிருந்த வெளிநாட்டு ஒதுக்கு, 2021 இறுதியில் ஏறத்தாழ 310 கோடியாயிற்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. எச்சரிக்கையைப் புறக்கணித்தோர் சிலர். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற களப்பு மீனவரோ பலர்.

இந்நிறுவனங்கள் குற்றமற்றவை என்று இதனாற் கொள்ளற்க. தரப்படுத்தப்படுவோரிடமே கட்டணம் பெறுவது அவற்றின் வழக்கம். அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்கள் பலவற்றுக்கு அவை வழங்கிய அதியுயர் தரம் 2008 ஆம் ஆண்டின் நெருக்கடியிற் பொய்த்தது. அன்றியும், தரம் இறங்கின் வட்டி ஏறும். வட்டி ஏறின் கடன்சுமை பெருகும். நோயை உரைக்கும் வாயே நோயை வளர்க்கவும் கூடும். எனினும் இலங்கையின் வரி வருமானத்தைக் குறைத்தது தர எழுத்தன்று. வரிக் கொள்கையும் பெருந்தொற்றுமே.

2024 டிசெம்பரில் பழைய முறிகள் புதியனவாக மாற்றப்பட, மூடிசும் பிட்சும் இலங்கையின் தரத்தை உயர்த்தின. ஆனால் உலக வங்கியின் கணிப்பின்படி வறுமை 2019 ஆம் ஆண்டில் இருந்ததன் ஏறத்தாழ இருமடங்காகவே நின்றது. தரம் ஏறிய செய்தியை மகிழ்ந்து வாசிப்போர் இதனையும் உடன் வைத்து வாசித்தல் வேண்டும்.

ஆதலின் தர எழுத்தைக் கடன்காரரின் கணக்கென்றே கொள்ளுதல் தகும். அஃது உரைக்கும் எச்சரிக்கையைச் செவிமடுத்தலும் தகும். மக்களின் கணக்கை எழுதும் கடமையோ நம்முடையது. வரி வருமானம், வெளிநாட்டு ஒதுக்கு, நெல் விளைச்சல், பள்ளிப் பிள்ளையின் உணவு ஆகியவற்றைத் தாமே கணித்தறியும் குடிமக்களை உருவாக்குவது, பொருளியல் கற்பிக்கும் ஆசிரியரின் முதற் பணியாகும்.