பிங் என்றால் பிங்தானா?

1952இல் பம்பாயில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ என்ற கண்ணாடிக்காரர், தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு மேசைக்கு முன்னால் நின்றார். அதுவரை பெரும்பாலோர் ஆடியது புள்ளி ரப்பர் மட்டை. அதில் பந்து பட்டால் டொக்கென்று கேட்கும். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தான், பந்தை எப்படிச் சுழற்றிவிட்டான் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். சாட்டோவின் மட்டையில் சத்தமே இல்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திணறிப்போனார்கள். ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை அவர் தட்டிக்கொண்டு போனார்.

இந்த ஆட்டத்துக்குப் பேரே சத்தத்தால் வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், சாப்பாட்டு மேசையில் பொழுதுபோக்காக ஆடிய விளையாட்டு அது. நீளக் கைப்பிடியும், சின்ன மேளம் போலத் தோல் இழுத்துக் கட்டிய முகமும் உள்ள மட்டை. செல்லுலாய்ட் பந்து அதில் பட்டால் பிங், மேசையில் பட்டால் பாங். ஜாக்கஸ் நிறுவனம் 1900ஐ ஒட்டி பிங்-பாங் என்பதை வணிகப் பெயராகவே பதிந்துகொண்டது. 1926இல் உருவான சர்வதேச சம்மேளனமோ டேபிள் டென்னிஸ் என்று பேர் வைத்துக்கொண்டது. சரியான பேர்தான், ஆனால் உப்புச் சப்பில்லாதது.

பிங் என்ற சொல்லின் நேர்த்தியை வாயால் சொல்லிப் பார்த்துத்தான் ரசிக்க வேண்டும். உதடுகள் மூடித் திறக்கும் ப், அடி விழுவது. நாக்கு மேலெழும் இகரம், சுருதி. மூக்கில் போய் நிற்கும் ங், அடி முடிந்த பிறகும் உலோகத்தில் மிச்சமிருக்கும் அதிர்வு. இகரத்தை ஆகாரமாக்கினால் சுருதி இறங்கி பாங் ஆகிவிடும். பகரத்தை எடுத்துவிட்டு டகரம் போட்டால் கோயில் மணி. நாம் சொல்லும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஙகர மெய்யில் சொல் முடிவது தமிழுக்குப் பழக்கமில்லை. அதனால் பாதிப் பேர் வாயில் அது ‘பிங்கு’ ஆகி, ரீங்காரம் சட்டென்று அறுந்துவிடும். ஓசைச்சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமில்லைதான். ஆனால் கிண்ணென்று, ணங்கென்று என ‘என்று’ துணையோடுதான் அவற்றைப் பெரும்பாலும் நடமாடவிடுவோம். கிண்கிணி மாதிரி தானே பொருளின் பேராகி நிற்பவை குறைவு. ஆங்கிலத்தில் அந்தக் கட்டு கிடையாது. நேற்றைய ஓசை இன்றைக்குப் பெயர்ச்சொல், நாளைக்கு வினைச்சொல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குண்டு பறக்கும் ஓசைக்குத்தான் இந்தச் சொல் பேர்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்திருந்த எம்1 காரண்ட் துப்பாக்கி அதற்கு வேறொரு பிங் கொடுத்தது. எட்டாவது குண்டும் வெடித்ததும், குண்டுகளைப் பிடித்திருந்த எஃகுக் கவ்வி துள்ளி வெளியே விழும். அந்த ஓசைதான். கார் இன்ஜினிலும் பிங் உண்டு. சிலிண்டருக்குள் தீ பரவி வந்து சேர்வதற்குள், ஓரத்தில் மிஞ்சிய பெட்ரோல் ஆவி அவசரப்பட்டுத் தானாக வெடித்தால் வரும் தட்டல் அது. அமெரிக்க மெக்கானிக் பிங் என்பார், இங்கிலாந்துக்காரர் பிங்க் என்பார், நம் ஊர் மெக்கானிக் நாக்கிங் என்பார். இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது நம்முடையதுதான், வண்டிக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

கால்ஃப் ஆடுபவர்களுக்கு பிங் ஒரு பிராண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1959இல் தன் வீட்டு காரேஜில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் மட்டை ஒன்று செய்தார். எடையை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளி நடுவைக் காலியாக வைத்ததில், பந்து பட்டதும் அது இசைக்கவை போலப் பாடியது. அந்த ஓசையையே பேராக வைத்துவிட்டார். பேர் வைப்பதும் ஒரு கலை என்றால், அதன் முதல் பாடம் காதைத் திறந்து வைப்பது.

இதுவரை சொன்னதெல்லாம் அடித்த இடத்தோடு முடிந்துபோகும் பிங். இந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது கடலுக்கடியில்தான். நீர்மூழ்கியைத் தேடும் போர்க்கப்பல் தண்ணீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். அது எதிலாவது மோதினால் திரும்பி வரும். இந்த ஏற்பாட்டுக்கு சோனார் என்று பேர். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி திரும்ப இரண்டு நொடி ஆனால், எதிரி 1,500 மீட்டர் தள்ளி இருக்கிறான் என்று கணக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோனார்க்காரருக்குத் தூரம் மட்டுமல்ல, போக்கும் தெரியும். திரும்பி வரும் பிங்கின் சுருதி ஏறியிருந்தால் நீர்மூழ்கி நெருங்குகிறது, இறங்கியிருந்தால் விலகுகிறது. ஏறத்தாழ ஒரு பாடகரின் சுருதிஞானம் வேண்டிய வேலை. நீர்மூழ்கிக்குள் இருப்பவர்களுக்கும் அந்த பிங் கேட்கும். அவர்கள் பதிலுக்கு பிங் அனுப்புவதில்லை, அனுப்பினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். சும்மா இருந்த ஓசை இங்கேதான் கேள்வியானது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது என்ற பொருளை அதற்குக் கொடுத்தவர்கள் கடற்படைக்காரர்கள். அதன் எல்லாப் பொருள்களிலும் இதுதான் உச்சம் என்பேன்.

பிறகு அந்தச் சொல் ஓசையையே உதறிவிட்டது. விமானத்தின் கறுப்புப் பெட்டியோடு இருக்கும் நீரடிக் கருவி நொடிக்கு ஒருமுறை பிங் போடும். அதன் அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காது 20க்கு மேல் எட்டாது. 2014 மார்ச்சில் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல்போனபோது, செயற்கைக்கோளோடு அது நடத்திய மௌன விசாரிப்புகளையும் பத்திரிகைகள் பிங் என்றுதான் எழுதின.

கம்ப்யூட்டருக்கு இந்தச் சொல் வந்ததும் சோனார் வழியாகத்தான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க் தகராறு ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினார். தூரத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டலம் அனுப்பு, திரும்பி வந்தால் எத்தனை நேரம் ஆனது என்று பார். கல்லூரியில் சோனார் பற்றிப் படித்தவர் என்பதால், பிங் என்று பேர் வைத்தார். பேருக்கும் வேலைக்கும் இத்தனை பொருத்தம் அபூர்வம். இன்னொரு பொறியாளர் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு பதில் வந்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டு ‘பிங்’ என்று சொல்லும்படி செய்து, அதை ஸ்டீரியோவில் இணைத்து ஒலியைக் கூட்டிவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கேபிள் இணைப்பையும் அசைத்துப் பார்த்தார். சத்தம் எங்கே நின்றதோ அங்கே கோளாறு. ஓசையை இழந்த சொல்லுக்கு ஒரு மனிதர் ஓசையைத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் இதை நினைத்துக்கொள்வேன்.

இன்று ஆன்லைனில் விளையாடும் பிள்ளைகளுக்கு பிங் என்பது பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லும் ஓர் எண், ‘எனக்கு பிங் இருநூறு’ என்று புலம்புவார்கள். அலுவலகத்தில் ‘சாயங்காலம் ஒரு பிங் பண்ணுங்க சார்’. பதில் எதிர்பார்க்கும் வரை இரண்டும் நல்ல பயன்பாடுதான். 2010இல் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்சுக்குள் தொடங்கிய சமூக வலைத்தளத்துக்கும் பிங் என்றே பேர். ஆள் சேரவில்லை, இரண்டே வருடத்தில் மூடிவிட்டார்கள்.

மைக் மூஸ் 2000இல் சாலை விபத்தில் இறந்தார். தன் பேர் நிலைக்கப்போவது இதனால்தான் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உட்கார்ந்து சில வசதிகளைச் சேர்த்திருப்பேன் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். நிரலை எழுதி முடிக்க அவருக்கு ஆனது ஒரு சாயங்காலம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அது இருக்கிறது, தட்டிப் பாருங்கள்.